மறுத்தாரா, மறுக்கவில்லையா?

1917-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதியன்று, பீஹாரிலுள்ள மோதிஹாரி நகரத்தில், காந்தியடிகள் மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் நின்றார். சம்பாரண் ஜில்லாவை விட்டு வெளியேற வேண்டும் என்று அதிகாரிகள் அவருக்கு உத்தரவு பிறப்பித்திருந்தார்கள். அந்த ஜில்லாவின் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் 20-க்கு 3 பங்கு வீதம், வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்காகக் கட்டாயமாய் அவுரி பயிரிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையை நேரில் விசாரிக்கவே அடிகள் அங்கே சென்றிருந்தார். வெளியேறும்படி வந்த உத்தரவுக்குப் பணிய அவர் மறுத்தார். ஆனால் உத்தரவை மீறினார் என்ற குற்றச்சாட்டைக் கோர்ட்டிலே படித்தபோது, அதை அவர் மறுக்கவில்லை. சர்க்கார் சில நாட்களில் வழக்கை வாபஸ் வாங்கிக் கொண்டது.

மறுத்தார், மறுக்கவில்லை. தமிழ் படிக்கிற நமக்கு இதில் எவ்விதக் குழப்பமும் இல்லை. இடத்தை அறிந்து பொருளை அறிந்து கொள்கிறோம். ஆனால் இதே சங்கதியை இங்கிலீஷில் எழுதச் சொன்னால், பத்து வருஷம் அந்தப் பாஷையைப் படித்த பிள்ளையாண்டானுங்கூடச் சற்றுப் பேனாவை நிறுத்தி யோசிக்கிறான். ஏனென்றால் நமது 'மறுத்தல்' என்ற ஒரு வினைக்கு அங்கே 'ரிப்யூஸ்' என்றும் 'டினை' என்றும் இரண்டு வினைகள் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அடிகள் உத்தரவை 'ரிப்யூஸ்' செய்தார். குற்றத்தை 'டினை' செய்யவில்லை. இவ்விரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டால், இந்தியச் சரித்திரத்தில் சத்தியாக்கிரகம் முதன்முதலாகக் கோர்ட்டு ஏறிய அந்த நாளின் உட்பொருளே தலைகீழாகிவிடும். சொன்னதற்குப் பணிந்துவிட்டுச் செய்ததை ஒளித்தவர் என்று அவரைப் பற்றி அர்த்தமாகும்!

இத்தகைய இரட்டை வினைகளைக் கற்க நம் வீடுகளில் வழங்கும் முறை ஒன்று உண்டு. புஸ்தகத்திலுள்ள ஜாபிதாவை நெட்டுருப் போடுவதே அந்த முறை. இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் ஒரு சொல். நடுவிலே ஓர் இங்கிலீஷ் விளக்கம். பரீக்ஷை முடிந்த மறுநாள் இரண்டு பக்கமும் கலந்து போகின்றன. நாம் சொல்ல விரும்புவது வேறு முறை. எந்தச் சொல்லில் தடுமாற்றம் உண்டாகிறதோ, அந்த விஷயத்தை முதலில் தமிழிலேயே இன்னும் சற்று முழுமையாகச் சொல்லிப் பாருங்கள். இங்கிலீஷ் பிரித்துக் காட்டும் வேற்றுமையை நமது பாஷையும் ஏதோ ஒரு மூலையில் பிரித்தே வைத்திருக்கிறது. அந்த மூலையைக் கண்டுபிடித்துவிட்டால் ஜாபிதா வேண்டியதில்லை.

'மறுத்தல்' என்பதையே எடுத்துக் கொள்வோம். எப்படி மறுத்தான்? "இல்லை" என்று மறுத்தானா, "மாட்டேன்" என்று மறுத்தானா? நடந்த காரியத்தைப் பற்றியது "இல்லை". நடக்கப் போகும் காரியத்தில் தன் மனத்தைப் பற்றியது "மாட்டேன்". "இல்லை" என்பது 'டினை'. "மாட்டேன்" என்பது 'ரிப்யூஸ்'. 'அவன் வருவதற்கு டினை செய்தான்' என்று எழுதுவது ஏன் பிசகு என்று இப்பொழுது சிறு குழந்தைக்கும் விளங்கும். வருவதற்கு "இல்லை" என்று யாரும் சொல்வதில்லை. "மாட்டேன்" என்றுதான் சொல்வார்கள். உரிமையை மறுப்பதற்கும் 'டினை' வழங்குகிறதே என்று சில நேயர்கள் கேட்கலாம். அங்கேயும் நமது உரைகல் பொய்க்கவில்லை. உரிமையை மறுப்பவன் "உனக்கு அது இல்லை" என்றுதானே சொல்கிறான்?

நிற்க. இதைவிட அபாயகரமான ஜோடி ஒன்று இருக்கிறது. 'டௌட்', 'ஸஸ்பெக்ட்' என்ற இரண்டையும் நாம் 'சந்தேகித்தல்' என்ற ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு வீட்டில் சங்கிலி காணாமற் போய்விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்காரர், 'வேலைக்காரப் பையன் எடுத்தான் என்று டௌட் செய்கிறேன்' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறார். அவர் மனத்தில் இருப்பது, பையன்தான் எடுத்திருப்பான் என்ற எண்ணம். ஆனால் அவர் எழுதியதைப் படிக்கும் ஆங்கிலேயன் கொள்ளும் அர்த்தம் நேர் எதிரானது. பையன் எடுத்திருக்க மாட்டான் என்றுதான் அவர் நினைக்கிறார் என்று அவன் முடிவு கட்டுவான். 'ஸஸ்பெக்ட்' என்று எழுதியிருந்தாலோ, பையன் மீதுதான் பழி விழும். ஒரே ஒரு சொல்லில் ஒரு ஏழைப் பையனின் மானம் தொங்குகிறது!

இங்கும் தமிழைக் கேட்டால் தமிழ் வழி சொல்லும். சந்தேகம் எந்தப் பக்கம் சாய்கிறது? "இருக்குமோ" என்று சாய்ந்தால் 'ஸஸ்பெக்ட்'. "இருக்காதே" என்று சாய்ந்தால் 'டௌட்'. 'மழை வருமா என்று டௌட்' என்றால் வராது என்பது பேசுபவரின் கட்சி. 'மழை வரும் என்று ஸஸ்பெக்ட்' என்றால் குடையை எடுத்துக் கொள்ள வேண்டியதுதான்.

இதே சொல்லைப் பற்றி இன்னொரு செய்தி. நம் பள்ளிக்கூடங்களில் மாணவர்கள் எழுந்து நின்று, 'ஸார், எனக்கு ஒரு டௌட்' என்பது வழக்கம். விளங்காத ஒன்றைக் கேட்கப் போகிறார்கள் என்று உபாத்தியாயருக்குத் தெரியும். இந்தியா முழுவதும் இந்தப் பிரயோகம் வேரூன்றிவிட்டபடியால், நம்மவர்களிடையே பேசும்போது அதைப் பிழை என்று அதட்ட வேண்டியதில்லை. ஆனால் கடல் கடந்து படிக்கச் செல்லும் பிள்ளை, அங்குள்ள பேராசிரியரிடம் இப்படிச் சொன்னால், தாம் சொன்னதை இவன் நம்பவில்லை போலும் என்று அவர் கருத இடமுண்டு. அங்கே 'ஒரு கேள்வி' என்று கேட்பதே உசிதம்.

சட்டத்தின் வாசற்படிக்கு வந்துவிட்டபடியால் இன்னொரு ஜோடியையும் அங்கேயே பார்த்து விடுவோம். 'ஸ்டீல்' என்பதும் 'ராப்' என்பதும் பிறர் பொருளை அபகரிப்பதைக் குறிப்பவையே. ஆனால் 'ஸ்டீல்' என்ற வினைக்குப் பின்னே வருவது பறிபோன பொருள். 'ராப்' என்ற வினைக்குப் பின்னே வருவது பறிகொடுத்த ஆளோ இடமோ ஆகும். கைக்கடிகாரத்தை 'ஸ்டீல்' செய்வார்கள். கடிகாரம் கட்டியவரை 'ராப்' செய்வார்கள். 'என்னை ஸ்டீல் செய்துவிட்டார்கள்' என்று ஒருவர் எழுதினால், அவரையே தூக்கிக் கொண்டு போய்விட்டார்கள் என்று பொருள். தமிழிலும் 'என்னைத் திருடிவிட்டான்' என்று நாடகக் கதாநாயகி சொல்லலாமே தவிர, பணப்பை பறிகொடுத்த குமாஸ்தா சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

இவ்விரண்டின் பெயர்ச் சொற்களுக்குச் சட்டமும் வேறு வேறு இடம் கொடுத்திருக்கிறது. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு 378-வது பிரிவிலும், கொள்ளைக்கு 390-வது பிரிவிலும் இலக்கணம் கூறப்பட்டது. 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸம்ஹிதையில் அவை முறையே 303, 309-வது பிரிவுகள். திருடும்போது காயப்படுத்தினாலோ, வழிமறித்துத் தடுத்தாலோ, அப்பொழுதே அப்படிச் செய்துவிடுவான் என்ற அச்சத்தை உண்டாக்கினாலோதான் திருட்டு கொள்ளையாகிறது. சாதாரணத் திருட்டுக்கு 3 வருஷம் வரையில் சிறை. கொள்ளைக்கு 10 வருஷம் வரையில். சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே பெருவழியில் நடந்த கொள்ளையானால் 14 வருஷம் வரையிலும் போகலாம்.

வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள் யாரும் பார்க்காத நேரத்தில் காணாமற் போனதற்கு, 'ராப்' என்று பிராது எழுதிக் கொடுப்பவர், நடக்காத பலாத்காரத்தை நடந்ததாகச் சொன்னவர் ஆகிறார். ஒரு வார்த்தையை மட்டும் நம்பிப் போலீஸார் வழக்கின் பிரிவைத் தீர்மானித்து விடுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் கையெழுத்திட்டுக் கொடுத்த வாசகம், குறுக்கு விசாரணை நாளில் எழுதியவரையே தேடிக் கொண்டு வரும். இங்கே உரைகல் என்ன? "எதைத் திருடினார்கள்?" என்ற கேள்விக்கு விடையானால் 'ஸ்டீல்', "யாரை அடித்துப் பறித்தார்கள்?" என்ற கேள்விக்கு விடையானால் 'ராப்'.

பயமுறுத்தும் விஷயங்கள் போதும். வீட்டுக் கூடத்துக்கு வருவோம். 'கேள்' என்ற நமது சொல்லைப் போல் அதிக வேலை செய்யும் சொல் வேறொன்று உண்டோ, தெரியவில்லை. சத்தம் கேட்டது, சங்கீதம் கேட்டோம், கேள்வி கேட்டான், சம்பள உயர்வு கேட்டான், சொன்ன பேச்சைக் கேட்டான். இத்தனைக்கும் ஒரே 'கேள்'. இங்கிலீஷிலோ 'ஹியர்', 'லிஸன்', 'ஆஸ்க்', 'ஒபே' என்று தனித்தனி ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுப் பாட்டிமார்கள் பேசுவதைச் சற்றுக் கவனியுங்கள். "காதில் விழுந்தது" என்பார்கள், அது 'ஹியர்'. "காது கொடுத்துக் கேளடா" என்பார்கள், அது 'லிஸன்'. தானாக வந்து விழுவது ஒன்று. நாமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்று. இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த அகராதியும் தந்துவிட முடியாது.

கண்ணுக்கும் அப்படியே. "கண்ணில் பட்டது" என்றால் 'ஸீ'. "திரும்பிப் பார்த்தான்" என்றால் 'லுக்'. "என்ன நடக்கிறதென்று பார்த்துக் கொண்டே இருந்தான்" என்றால் 'வாட்ச்'. ஜன்னல் வழியாகப் பறவை கண்ணில் படுகிறது, அதைப் பார்க்கிறோம், அது கூடு கட்டுவதைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். மூன்று வாக்கியத்தில் மூன்று வினைகளும் அடங்கிவிட்டன.

'சொல்', 'பேசு' என்ற இரண்டையும் நாம் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதனால், 'ஸே', 'டெல்' ஒரு பக்கம், 'ஸ்பீக்', 'டாக்' ஒரு பக்கம் என்று பாதி வேலை தீர்ந்து போகிறது. மீதிப் பாதிக்கு இரண்டு கேள்விகள் போதும். "என்ன சொன்னான்?" என்பதில் கருத்து நின்றால் 'ஸே'; "யாருக்குச் சொன்னான்?" என்பதில் நின்றால் 'டெல்'. ஆகையால் 'டெல்' என்பதன் பின்னே கேட்பவர் நேராக வந்து நிற்பார். 'ஸே' என்பதன் பின்னே அவர் வரவேண்டுமானால் 'டு' என்னும் சிறு சொல்லைக் கையில் பிடித்துக் கொண்டுதான் வரவேண்டும். அதுபோலவே, மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் இருந்து கேட்பது பெரும்பாலும் 'ஸ்பீக்'. திண்ணையில் நாலு பேர் மாறி மாறிப் பேசிக் கொண்டிருப்பது 'டாக்'. 1931-ம் வருஷத்தில் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழில் பேசும் படம் பிறந்தபோது, ஜனங்கள் அத்தகைய படத்தை 'டாக்கி' என்றுதான் சொன்னார்கள். சட்டசபைத் தலைவருக்கோ 'ஸ்பீக்கர்' என்று பெயர். சபையிலே எல்லோரும் பேசுகிறார்கள், அவர்தாம் அதிகம் பேசுவதில்லை. அவருக்கு ஏன் இந்தப் பெயர் என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் பாமர சபையாரின் சார்பாக அரசனிடம் சென்று பேசவேண்டியவர் அவரே என்பதுதான் காரணம். 1377-ம் வருஷத்தில் ஸர் தாமஸ் ஹங்கர்போர்டு என்பவர் முதன்முதலாக அந்தப் பட்டத்துடன் விளங்கினார். அரசனிடம் போய் அவர் வம்பளந்திருக்க முடியாது. ஆகவே அவர் 'டாக்கர்' ஆகவில்லை!

இனி, நம் முன்னோர்கள் நமக்காகவே தீர்த்து வைத்துவிட்டுப் போன சங்கடங்கள் சில உண்டு. 'பிரிங்', 'டேக்' என்ற இரண்டில் எது எங்கே வரும் என்று பல தேசத்து மாணவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டியதே இல்லை. 'கொண்டு வா' என்பது 'பிரிங்'. 'கொண்டு போ' என்பது 'டேக்'. பேசுபவனும் கேட்பவனும் இருக்கும் இடத்தை நோக்கியதற்கு ஒரு சொல், அயலிடத்தை நோக்கியதற்கு வேறு சொல் என்ற இந்த நுட்பத்தைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விதியாகவே வகுத்திருக்கிறார். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்பது அவர் கண்ட முறை. அதோடு நில்லாமல், தாழ்ந்தோன் கேட்கும்போது 'ஈ' என்றும், ஒத்தவன் கேட்கும்போது 'தா' என்றும், உயர்ந்தோன் கேட்கும்போது 'கொடு' என்றும் பிரித்துக் காட்டினார். ஒருபொருட் சொற்களைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் கலையை நாம் பிறரிடம் கற்க வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

'லை', 'லே' என்ற ஜோடியில் ஆங்கிலேயர்களே அடிக்கடி இடறி விழுகிறார்கள். நமக்கோ தன்வினை, பிறவினை என்ற பாடம் சிறு வயதிலேயே ஆகிவிட்டது. கிட என்பது 'லை'. கிடத்து என்பது 'லே'. எழு என்பது 'ரைஸ்'. எழுப்பு என்பது 'ரெய்ஸ்'. இரு என்பது 'ஸிட்'. இருத்து என்பது 'ஸெட்'. வீழ் என்பது 'பால்'. மரத்தை வீழ்த்து என்பது 'பெல்'. தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள், குழந்தை கிடக்கிறது. ஒரே ஒரு கண்ணியை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். 'லை' என்பதன் இறந்த காலமும் 'லே' என்றே வரும். 'லே' என்பதன் இறந்த காலம் 'லெய்ட்'. 'நேற்று முழுவதும் படுக்கையில் லெய்ட்' என்று எழுதியவரை, "எதைக் கிடத்தினீர்?" என்று கேட்டுவிட்டால் போதும், மறுபடி எழுதமாட்டார்.

தமிழில் பெயர்ச் சொல் ஒன்றாகவே இருந்து மயக்கும் இடமும் உண்டு. 'கடன்' என்பது வாங்குபவனுக்கும் கொடுப்பவனுக்கும் பொது. அதனால் 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் கலந்து போய், 'எனக்கு உங்கள் பேனாவைப் பாரோ செய்யுங்கள்' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கு என்றால் 'பாரோ'. கொடு என்றால் 'லெண்ட்'. கை எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்த்தால் முடிந்தது.

1947-ல் ஆங்கிலேயர் போனார்கள்; ஆங்கிலம் போகவில்லை. கலாசாலையிலும் உயர் நீதிமன்றத்திலும் கம்பெனிகளிலும் அது இன்றும் இருக்கிறது. இருப்பதைப் பிழையில்லாமல் கையாளுவதில் நமக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. இழுக்கெல்லாம், அதைக் கற்கும் பொருட்டுத் தமிழை மறக்க வேண்டும் என்று எண்ணுவதில் இருக்கிறது. தமிழ் பேசினால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று பயந்து, குழந்தையை வீட்டிலும் அரைகுறை இங்கிலீஷிலேயே பேச வைக்கும் பெற்றோர்களைப் பார்க்கிறோம். "இல்லை" என்பதற்கும் "மாட்டேன்" என்பதற்கும், "காதில் விழுவது" என்பதற்கும் "காது கொடுப்பது" என்பதற்கும் உள்ள பேதம் நாவில் ஊறாத குழந்தைக்கு, அதே பேதத்தை அயல் பாஷையில் கற்பிக்க எந்த உபாத்தியாயரால் ஆகும்? அவர் கையில் உள்ள உரைகல்லைத் தாயும் தகப்பனாரும் பிடுங்கி எறிந்துவிட்டார்களே!

ஆகவே, பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுக்கும் தாய்மார்களுக்கும் தகப்பனார்களுக்கும் நமது விண்ணப்பம் இதுதான். குழந்தை ஒரு வினையில் தயங்கினால், உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். "அதை நம் பேச்சில் விரித்துச் சொல்லு, பார்க்கலாம்" என்று கேளுங்கள். ஒத்திகைக்காக மூன்று வாக்கியங்களைக் கீழே தருகிறோம். 'அமைச்சர் அந்தச் செய்தியை மறுத்தார்.' 'மாப்பிள்ளை வரதக்ஷிணை வாங்க மறுத்தார்.' 'இந்தக் கையெழுத்து அவருடையதுதானா என்று சந்தேகிக்கிறோம்.' இவற்றுக்குரிய இங்கிலீஷ் வினைகளை அகராதியைப் புரட்டாமலே கண்டுபிடித்துவிடலாம். முதலாவதில் அமைச்சர் "இல்லை" என்கிறார். இரண்டாவதில் மாப்பிள்ளை "மாட்டேன்" என்கிறார். மூன்றாவதில் நமது மனம் "இருக்காதே" என்ற பக்கம் சாய்கிறது. இரண்டாவது வாக்கியத்தை மட்டும், பெண்ணைப் பெற்றவர்கள் எந்தப் பாஷையில் கேட்டாலும் மகிழ்ச்சி அடைவார்கள்.